எந்தக் கிராபிக்ஸ் கார்டு? — கடைக்குப் போகுமுன் ஒரு கணக்கு

(இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை)



நம் கேன்டீனில் கிரிக்கெட்டுக்கு அடுத்தபடியாக அதிகச் சண்டை நடப்பது ‘என்விடியாவா, ஏ.எம்.டி.யா’ என்பதில்தான். சண்டை போடுகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாது என்பது வேறு விஷயம்! நடிகர்களுக்கு ரசிகர் மன்றம் வைப்பது போல கம்பெனிகளுக்கும் மன்றம் வைத்துவிட்டோம். ஆனால் எண்ணி வைத்த பணத்தை ஒரே ஒரு கார்டின் மீது போட வேண்டும் என்று வரும்போது மன்றம் உதவாது, கணக்குதான் உதவும். அப்படி ஒரு கணக்கை 2024-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் நான் உட்கார்ந்து போட்டேன். அந்த நோட்டில் உள்ளதைத்தான் இங்கே எழுதுகிறேன். கார்டுகளின் பெயர்கள் வருடா வருடம் மாறும். போடுகிற கணக்கு அதேதான் என்பதால் உங்களுக்கும் பயன்படலாம்.

எங்கள் வீடு சதுரங்கப்பட்டினத்தில் இருக்கிறது. அக்கா புதுப்பட்டினத்தில் உள்ள ஒரு ஸ்டுடியோவுக்குக் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்து தருகிறாள். வேலை வீட்டில் உள்ள பழைய கம்ப்யூட்டரில்தான். ஸ்டுடியோக்காரர் ஒருநாள், “அடுத்த சீசன்லேர்ந்து எல்லாமே ஃபோர்-கே தாம்மா. உன் சிஸ்டம் தாங்குமா?” என்று கேட்டுவிட்டார். தாங்காவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போகும் என்று அர்த்தம். அக்காவிடம் சீட்டு எடுத்த பணம் 20,000 ரூபாய் இருந்தது. “இதுக்கு மேல ஒரு ரூபா கிடையாது தம்பி. நீதானே டிப்ளமா படிக்கிற, பாத்துச் சொல்லு” என்று என் தலையில் கட்டிவிட்டாள்.

முதலில் பெட்டியைத் திறப்போம்

பொதுவாக நாம் செய்வது என்ன? யூடியூபில் கார்டைப் பார்க்கிறோம், பிறகு விலையைப் பார்க்கிறோம், கடைசியில்தான் நம் கம்ப்யூட்டரைப் பார்க்கிறோம். நான் தலைகீழாகத் தொடங்கினேன். ஸ்குரூ டிரைவரை எடுத்துக் கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, உள்ளே இருப்பதை எல்லாம் நோட்டில் எழுதினேன்.

இன்டெல் 6-ஆம் தலைமுறை கோர் ஐ5-6500 பிராசஸர், 65 வாட். எச்110 சிப்செட் மதர்போர்டு. 8 ஜி.பி. டி.டி.ஆர்.4 ராம், ஒரே குச்சி. எஸ்.எம்.பி.எஸ். மேல் பெரிய எழுத்தில் ‘400 வாட்’, கீழே சின்ன எழுத்தில் ‘+12 வோல்ட் — 18 ஆம்பியர்’. ஏற்கெனவே செருகியிருந்த கார்டு ஜி.டி. 710, 2 ஜி.பி. டி.டி.ஆர்.3.

இந்த ஜி.டி. 710-ஐப் பற்றி ஒரு வார்த்தை. பழைய கம்ப்யூட்டர் விற்பவர்கள் ‘2 ஜி.பி. கிராபிக்ஸ் கார்டு இருக்கு’ என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அதன் மெமரி விநாடிக்கு 14.4 ஜிகாபைட் தகவலைத்தான் கொடுக்க முடியும். பக்கத்திலேயே இருக்கும் ஒற்றை டி.டி.ஆர்.4-2133 ராம் குச்சி 17 ஜிகாபைட் கொடுக்கிறது! வேலைக்காரனை விட வீட்டுக்காரர் வேகமாக ஓடுகிறார் என்றால் வேலைக்காரன் எதற்கு?

கரைவலையும் கிராபிக்ஸ் சிப்பும்

ஒப்பிடுவதற்கு முன் கார்டு என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும். நம் கடற்கரைக் குப்பங்களில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் வரிசையாக ஆட்கள் நின்று, ஒரே குரலுக்கு ஒரே இழுப்பாக இழுப்பார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவரும் செய்வது மிக எளிய வேலை. ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் செய்வதால்தான் வலை கரைக்கு வருகிறது. கிராபிக்ஸ் சிப்பும் அப்படித்தான். பிராசஸரில் நாலு கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள் என்றால், கிராபிக்ஸ் சிப்பில் ஆயிரக்கணக்கான சாதாரண ஆட்கள். திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் கண்டுபிடிப்பது, ஒவ்வொரு முக்கோணத்தின் மூன்று முனைகளையும் 4×4 மேட்ரிக்ஸால் பெருக்கி இடம் மாற்றுவது (முதலாம் ஆண்டு கணக்குப் பாடத்தில் ‘இது எதுக்கு சார்?’ என்று கேட்டோமே, அதேதான்), இதெல்லாம் லட்சக்கணக்கான தடவை செய்ய வேண்டிய ஒரே மாதிரி வேலை.

என்விடியா தன் சிப்பில் 32 இழைகளை ஒரு கூட்டமாகக் கட்டி ஓட்டுகிறது. அந்தக் கூட்டத்துக்கு ‘வார்ப்’ என்று பெயர். நெசவுத் தறியில் ஓடும் பாவுக்கு ஆங்கிலத்தில் உள்ள சொல் அது. 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் நம் ஊரிலிருந்து மஸ்லின் துணி ஏற்றிப் போனார்கள். கோட்டை இன்னும் நிற்கிறது. துணியைத் தொட்டுப் பார்த்து, இழையைப் பார்த்து வாங்குவது இந்த ஊருக்குப் புதிதல்ல. கார்டிலும் அதையேதான் செய்ய வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ‘இதுல 2304 கோர், அதுல 1792 கோர்தான்’ என்று கடையில் சொல்வார்கள். ஒரே கம்பெனியின் ஒரே தலைமுறைக்குள் ஒப்பிட்டால் அது சரி. கம்பெனி மாறினால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. என்விடியாவின் 30 வரிசையில் கோர்களில் பாதி, தசம எண் கணக்கையும் முழு எண் கணக்கையும் மாறி மாறிச் செய்பவை. அவற்றையும் முழு ஆளாகவே எண்ணிக்கையில் சேர்க்கிறார்கள். அதனால்தான் 1792 கோர் உள்ள ஏ.எம்.டி. ஆர்.எக்ஸ். 6600, 2304 கோர் உள்ள ஆர்.டி.எக்ஸ். 3050 6 ஜி.பி. கார்டைப் பெரும்பாலான விளையாட்டுகளில் தாண்டிப் போய்விடுகிறது. சம்பளப் பட்டியலில் எத்தனை பேர் என்று பார்த்து வேலையை அளக்க முடியுமா?

போட்டியில் நின்றவர்கள்

20,000 ரூபாய்க்குள்ளோ, கொஞ்சம் முன்னே பின்னேயோ எனக்குக் கிடைத்த பெயர்கள் ஆறு: என்விடியாவின் ஜி.டி.எக்ஸ். 1650 (2019), ஆர்.டி.எக்ஸ். 3050 6 ஜி.பி. (2024), ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 6600 (2021), ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. (2022), இன்டெலின் ஆர்க் ஏ750 (2022), செகண்ட் ஹேண்டில் ஆர்.எக்ஸ். 580 (2017). கடை விலைகளை இங்கே எழுதவில்லை. மலர் அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் மாறிவிடும்.

முதல் கணக்கு மெமரி வேகம். சூத்திரம் மிக எளிது: பஸ் அகலத்தை 8-ஆல் வகுத்து, மெமரி சிப்பின் வேகத்தால் பெருக்க வேண்டும். ஆர்.எக்ஸ். 6600-க்கு 128 பிட், 14 ஜிகாபிட்: 128/8 × 14 = 224 ஜிகாபைட். ஆர்.டி.எக்ஸ். 3050 6 ஜி.பி.க்கு 96/8 × 14 = 168. ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி.க்கு 64/8 × 18 = 144. முதலில் வந்த ஜி.டி.எக்ஸ். 1650-க்கு 128/8 × 8 = 128. ஆர்க் ஏ750-க்கு 256/8 × 16 = 512! ஆர்.எக்ஸ். 580 பழசானாலும் 256 பிட் அகலம், 256 ஜிகாபைட்.

இந்தக் கணக்கைப் போட்டால்தான் பெட்டியின் மேல் உள்ள பெயர் எவ்வளவு ஏமாற்றும் என்பது தெரியும். ஜி.டி. 1030 என்ற பெயரில் 2017-இல் வந்த கார்டு 48 ஜிகாபைட் கொடுத்தது. 2018-இல் அதே பெயரில், மெமரியை மட்டும் டி.டி.ஆர்.4-ஆக மாற்றி இன்னொன்று வந்தது. அதன் வேகம் 16.8 ஜிகாபைட். மூன்றில் ஒரு பங்கை விடச் சற்றுத்தான் அதிகம்! 2016-இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1060-இல் 3 ஜி.பி.க்கும் 6 ஜி.பி.க்கும் மெமரி மட்டுமே வித்தியாசம் என்று நினைத்து வாங்கியவர்கள் பலர். கோர்களே 1152, 1280 என்று வேறு வேறு. நான் பார்த்துக்கொண்டிருந்த ஆர்.டி.எக்ஸ். 3050-உம் அப்படித்தான். 2022-இல் வந்த 8 ஜி.பி. கார்டில் 2560 கோர், 128 பிட், 130 வாட். 2024-இல் வந்த 6 ஜி.பி. கார்டில் 2304 கோர், 96 பிட், 70 வாட். பெயர் ஒன்று, ஆள் இரண்டு.

ஏ.எம்.டி. மன்றத்தார் சிரிக்க வேண்டாம். ஆர்.எக்ஸ். 580-இல் 2304 கோர் இருக்க வேண்டும். சீனச் சந்தைக்காக 2018-இல் 2048 கோர் மட்டும் உள்ள ஒன்றை அதே 580 என்ற எண்ணோடு வெளியிட்டார்கள். அது உண்மையில் பழைய ஆர்.எக்ஸ். 570-க்குச் சமம். இன்று இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பல 580-கள் இந்த வகைதான். இன்னொன்று: 2022 செப்டம்பர் 15 அன்று ஈத்தரியம் நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டதும், அதைத் தோண்டிக்கொண்டிருந்த கார்டுகள் மொத்தமாகச் செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வந்தன. இரவு பகலாக உழைத்த மாட்டைத் தேய்த்துக் குளிப்பாட்டிச் சந்தைக்குக் கொண்டுவருவது போலத்தான். வாங்கக்கூடாது என்று சொல்லமாட்டேன். ஃபேன், தெர்மல் பேஸ்ட், மெமரி மூன்றையும் சோதித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் வாங்கலாம். வாரண்டி இல்லாமல் அக்காவின் சீட்டுப் பணத்தை அதில் போட எனக்கு மனம் வரவில்லை. 580 பட்டியலிலிருந்து போனது.

மதர்போர்டு சொன்ன தீர்ப்பு

512 ஜிகாபைட் என்று பார்த்ததும் ஆர்க் ஏ750-தான் என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அதிலும் அக்காவின் வேலைக்கு அதில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. புதிய கேமராக்கள் சில 10 பிட் 4:2:2 என்ற முறையில், எச்.265-ஆகப் படம் எடுக்கின்றன. சாதாரண 4:2:0 முறையில் நான்கு புள்ளிகளுக்கு ஒரு நிறத் தகவல்தான் இருக்கும். 4:2:2-இல் இரண்டு புள்ளிகளுக்கு ஒன்று. அதனால் பட்டுப்புடவை நிறத்தைத் திருத்தும்போது ஓரங்கள் பிசிறடிக்காது. அந்தப் படத்தைச் சிப்பிலேயே பிரித்துக் காட்டும் வசதி இன்டெல் ஆர்க்கில் இருந்தது. என்விடியாவுக்கு அது 2025-இல் வந்த 50 வரிசையில்தான் வந்தது.

பிறகு ஏன் வாங்கவில்லை? மதர்போர்டு சம்மதிக்கவில்லை. கார்டில் உள்ள மெமரியை பிராசஸர் நேராகப் பார்க்க முடியாது. பழைய முறையில் 256 எம்.பி. அளவுள்ள ஒரு ஜன்னல் வழியாகத்தான் பார்க்கும். 8 ஜி.பி. சரக்கையும் ஜன்னல் வழியாகவே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இறக்க வேண்டும். ‘ரீசைசபிள் பார்’ என்ற வசதி அந்த ஜன்னலை அகலமான கதவாக்கிவிடுகிறது. மற்ற கம்பெனிகளுக்கு அது இருந்தால் நல்லது, அவ்வளவுதான். ஆர்க் கார்டுக்கு அது இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் வேகம் மிகவும் விழுந்துவிடும். இன்டெலே தன் பிராசஸர்களில் 10-ஆம் தலைமுறையும் அதற்கு மேலும்தான் வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. நம்முடையது 6. காகிதத்தில் முதல் மார்க் வாங்கிய கார்டு நம் வீட்டு வாசலில் தோற்றது. 2024 டிசம்பரில் வந்த ஆர்க் பி580-க்கும் இதே நிபந்தனை உண்டு. பழைய சிஸ்டம் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்.

அடுத்துப் போனது ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. இதை மதர்போர்டோடு இணைக்கும் பாதையில் நான்கு லேன் மட்டுமே. நான்காம் தலைமுறை ஸ்லாட்டில் ஒரு லேன் விநாடிக்குச் சுமார் 2 ஜிகாபைட் கொண்டுபோகும். ஆக 8. நம் எச்110 போர்டில் இருப்பது மூன்றாம் தலைமுறை. லேனுக்கு 1 வீதம் மொத்தம் 4 ஜிகாபைட்தான். கார்டின் 4 ஜி.பி. மெமரி நிரம்பியதும் மிச்சம் இந்த ஒற்றையடிப் பாதையில்தான் வந்து போக வேண்டும். புதிய போர்டில் ஓடும் வேகத்தைக் காட்டிய வீடியோவைப் பார்த்துவிட்டுப் பழைய போர்டில் செருகினால் வேறு கார்டு போலத் தெரியும். அது போகட்டும், இந்தக் கார்டில் வீடியோ என்கோடரே கிடையாது! எடிட்டிங் செய்பவருக்கு அதை வாங்கிக் கொடுப்பது, மீன்காரருக்குத் தராசில்லாத கடையைக் கொடுப்பது போல.

என்கோடர் என்றேன். அது கோர்களைச் சேர்ந்ததல்ல. சிப்பின் ஒரு மூலையில் தனியாக இருக்கும் ஒரு பட்டறை. படத்தை எச்.264, எச்.265 ஆகச் சுருக்குவது மட்டுமே அதன் வேலை. அக்கா பயன்படுத்தும் பிரீமியர் புரோ 2020 முதல் என்விடியா, ஏ.எம்.டி. இரண்டின் என்கோடரையும் பயன்படுத்திக்கொள்கிறது. எக்ஸ்போர்ட் நேரம் குறைவது பெரும்பாலும் இந்தப் பட்டறையால்தான். முதலில் வந்த ஜி.டி.எக்ஸ். 1650-இல், அதே தலைமுறையின் மற்ற கார்டுகளில் உள்ள புதிய என்கோடரை வைக்காமல் முந்தைய தலைமுறையுடையதை வைத்துவிட்டார்கள். மெமரியும் 4 ஜி.பி. தான். 4-கே வேலைக்கு 6 ஜி.பி. அல்லது அதற்கு மேல் என்பது அடோபி கம்பெனியே கொடுத்த பரிந்துரை. 1650-உம் போனது.

நின்றது இரண்டே பேர்: ஆர்.எக்ஸ். 6600, ஆர்.டி.எக்ஸ். 3050 6 ஜி.பி. இரண்டுக்கும் எட்டு லேன். மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் சுமார் 8 ஜிகாபைட் கிடைக்கும். பெரிய குறையில்லை.

வாட் கணக்கு

இங்கே நம் மின்னியல் துறை நண்பர்களுக்குப் பிடித்த பகுதி வருகிறது. ஆர்.எக்ஸ். 6600 எடுப்பது 132 வாட். ஸ்லாட் கொடுப்பது அதிகபட்சம் 75 வாட். ஆகவே எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனியாக 8 பின் ஒயர் வேண்டும். எங்கள் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் அப்படி ஒரு ஒயரே இல்லை. ‘கன்வெர்ட்டர் இருபது ரூபாதான் தம்பி, போட்டுக்கலாம்’ என்பார்கள். போடாதீர்கள். ஒயர் மாறலாம், உள்ளே இருப்பது மாறாது.

‘400 வாட்’ என்ற பெரிய எழுத்தை மறந்துவிடுங்கள். கார்டும் பிராசஸரும் குடிப்பது 12 வோல்ட் லைனில். 12 × 18 = 216 வாட். பிராசஸர் 65, போர்டு, ஹார்ட் டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்து 25 என்று வைப்போம். 6600 போட்டால் 65 + 25 + 132 = 222. வரம்பைத் தாண்டிவிட்டது. 3050 6 ஜி.பி. 70 வாட், ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும், தனி ஒயர் வேண்டாத மாடலாகவே கிடைக்கிறது: 65 + 25 + 70 = 160.

யூ.பி.எஸ்.ஸையும் பார்க்க வேண்டும். வீட்டில் இருப்பது 600 வி.ஏ., வாட் கணக்கில் 360. எஸ்.எம்.பி.எஸ். திறன் 70 சதவீதம் என்று கொண்டால், 222 வாட் கொடுக்க அது சுவரிலிருந்து சுமார் 317 வாட் எடுக்கும். மானிட்டர் 25 சேர்த்தால் 342. விளிம்பில் நிற்கிறது. 3050-க்கு 229 + 25 = 254. ஐப்பசி, கார்த்திகையில் கடற்கரை ஊரில் காற்றடித்தால் கரண்ட் போகும் என்பது உங்களுக்குத் தெரியும். எக்ஸ்போர்ட் 90 சதவீதத்தில் இருக்கும்போது யூ.பி.எஸ். ‘கீ’ என்று கத்திவிட்டு அணைந்தால் அந்த இரவு போச்சு. கரண்ட் பில் கணக்கும் சின்னதாக ஒன்று: இரண்டு கார்டுக்கும் வித்தியாசம் 62 வாட். தினம் 4 மணி நேரம், இரண்டு மாதத்தில் 60 நாள்: ஏறக்குறைய 15 யூனிட். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற வரம்பைச் சுற்றி நிற்கும் வீடுகளுக்கு 15 யூனிட் ஒரு விஷயம்தான்.

நண்பனின் வாதம்

இதையெல்லாம் திருக்கழுக்குன்றத்திலிருந்து வரும் கணினித் துறை நண்பனிடம் காட்டினேன். அவன் நோட்டைத் தூக்கிப் போட்டான். “மச்சான், நீ எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குப் பயந்து கார்டு வாங்குற. எஸ்.எம்.பி.எஸ். மாத்தலாம், போர்டு மாத்தலாம், 6600 அப்படியே இருக்கும். 8 ஜி.பி. மெமரி இருக்குடா! பெஞ்ச்மார்க் பாரு, எங்க இருக்கு 6600, எங்க இருக்கு உன் 3050?”

அவன் சொன்னது தவறே இல்லை. விளையாட்டுக்காக வாங்குபவன், நல்ல எஸ்.எம்.பி.எஸ். வைத்திருப்பவன், அந்த வருடம் அந்த விலையில் 6600-ஐ விட்டுவிட்டு 3050 6 ஜி.பி. வாங்கினால் அவனுக்குத்தான் நஷ்டம். இதை எழுத எனக்குத் தயக்கமில்லை. ஆனால் பெஞ்ச்மார்க் என்ற அந்த ஒற்றை எண்ணை நான் அவ்வளவு சுலபமாக நம்புவதில்லை. சரித்திரம் அப்படி. 2001-இல் ஏ.டி.ஐ. கம்பெனியின் ரேடியான் 8500 வந்தபோது ‘குவேக் 3’ விளையாட்டில் நல்ல வேகம் காட்டியது. அந்த விளையாட்டின் ஃபைலுக்குள் ‘குவேக்’ என்று இருந்ததை எல்லாம் ‘குவாக்’ என்று மாற்றி ஓட்டிப் பார்த்தார்கள். வேகம் விழுந்தது, படம் தெளிவானது! பெயரைப் பார்த்து டிரைவர் படத்தின் தரத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது. 2003-இல் என்விடியாவின் முறை. ‘3டி மார்க் 03’ சோதனையில் கேமரா போகும் பாதை முன்கூட்டியே தெரியும் என்பதால், அந்தப் பாதையிலிருந்து தெரியாத பகுதிகளை வரையாமலே விட்டுவிட்டது டிரைவர். கேமராவைப் பாதையை விட்டு நகர்த்தியதும் வானம் கந்தலாகத் தெரிந்தது. வரப்போகும் கேள்வியை மட்டும் படித்துவிட்டுத் தேர்வுக்கு வருவது நமக்குத் தெரியாத கலையா என்ன!

ஏமாற்று இல்லாத பெஞ்ச்மார்க்கிலும் சராசரி ஒரு பொய்க்காரன். ஒரு விநாடியில் 50 ஃபிரேம்கள் தலா 10 மில்லி விநாடியில் வந்து, 51-ஆவது ஃபிரேம் மட்டும் 500 மில்லி விநாடி எடுத்துக்கொண்டால், சராசரி 51 ஃபிரேம் என்று அழகாகக் காட்டும். பார்ப்பவருக்கோ அரை விநாடி திரை உறைந்து நின்றிருக்கும். அதனால் சராசரியோடு ‘1 சதவீத லோ’ என்று போட்டிருப்பார்களே, அதைப் பாருங்கள்.

நண்பனிடம் நான் கேட்டது ஒன்றுதான். “இந்தப் பெட்டியில, இந்த பட்ஜெட்டுல, அக்காவோட வேலைக்கு எது?” எஸ்.எம்.பி.எஸ். விலையைச் சேர்த்தால் 6600 சீட்டுப் பணத்தைத் தாண்டியது. 3050 வாங்கினால் மிச்சத்தில் இன்னொரு 8 ஜி.பி. ராம் குச்சி போட முடிந்தது. ஒற்றைக் குச்சி இரட்டையானால் ராம் வேகமும் இரண்டு பங்கு. பிரீமியர் புரோவுக்கு என்விடியாவின் கூடா முறை நன்றாகப் பழகிய ஒன்று. எச்.264 என்கோடரின் படத்தரத்திலும் அந்தத் தலைமுறை என்விடியாதான் மேல். “சரி, விளையாட ஆசைப்பட்டா எங்க வீட்டுக்கு வா” என்று சொல்லி விட்டுக்கொடுத்தான். 6600 கடைசியில் அவன் வீட்டுக்குத்தான் வந்தது. அவனிடம் 550 வாட் நல்ல எஸ்.எம்.பி.எஸ். இருந்தது.

4:2:2 விஷயம் மட்டும் மனதை உறுத்தியது. அக்காவிடம் சொன்னேன்: “ஸ்டுடியோவுல புது கேமரா 4:2:2-ல எடுத்தா இந்தக் கார்டு நேரா ஓட்டாதுக்கா.” அவள் அலட்டிக்கொள்ளவில்லை. “புராக்ஸி போட்டுக்கறேன்டா. ராத்திரி அது பாட்டுக்கு ஓடட்டும்.” பெரிய படத்தின் சின்னப் பிரதியை வைத்து எடிட் செய்துவிட்டு, கடைசியில் அசலோடு சேர்ப்பதுதான் புராக்ஸி. கூடுதல் நேரம் ஆகும், ஹார்ட் டிஸ்க் இடமும் பிடிக்கும். அந்த விலையைத் தெரிந்தேதான் கொடுத்தோம்.

கடையிலும் வீட்டிலும்

சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறவர்களுக்கு: நாலு கடை ஏறி இறங்கி விலை கேளுங்கள், ஆனால் ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் வாங்காதீர்கள். வரி 18 சதவீதம் என்பதால் ‘பில் இல்லாம குறைச்சுத் தர்றேன்’ என்பது பெரிய ஆசை காட்டல். வாரண்டிக்குப் போகும்போது பில்லும் சீரியல் எண்ணும்தான் பேசும். பெட்டியில் உள்ள சீரியல் எண்ணும் கார்டின் பின்புறம் உள்ள எண்ணும் பில்லில் எழுதும் எண்ணும் மூன்றும் ஒன்றா என்று அங்கேயே பாருங்கள். ‘3050’ என்று மட்டும் கேட்காமல் ‘3050, 6 ஜி.பி., 96 பிட்’ என்று முழுப் பெயராகக் கேளுங்கள். கேட்கும் விதத்திலேயே கடைக்காரர் பேச்சு மாறிவிடும்.

வீட்டுக்கு வந்து செருகியதும் முதல் வேலை, ‘ஜி.பி.யு.-இசட்’ என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பார்ப்பது. கோர் எண்ணிக்கை, பஸ் அகலம், மெமரி வகை, எத்தனை லேனில் ஓடுகிறது என்று எல்லாவற்றையும் காட்டும். பயாஸை மாற்றிப் பெயர் மாற்றிய என்விடியா போலிகளைக் கண்டுபிடித்துச் சொல்லும் வசதியும் 2018 முதல் அதில் உண்டு. எங்களுடையதில் 2304, 96 பிட், ஜி.டி.டி.ஆர்.6, எட்டு லேன், மூன்றாம் தலைமுறை என்று வந்தது. கார்டு சும்மா இருக்கும்போது ஸ்லாட் வேகத்தை அதுவே குறைத்துக்கொள்ளும் என்பதால், அதே மென்பொருளில் உள்ள ரெண்டர் டெஸ்டை ஓட்டிக்கொண்டே லேன் கணக்கைப் பாருங்கள். இல்லையென்றால் வீணாகப் பயப்படுவீர்கள்.

எக்ஸ்போர்ட் ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் ‘வீடியோ என்கோட்’ என்ற கட்டம் எழும்புகிறதா என்று பாருங்கள். எழும்பாவிட்டால் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது, பிராசஸர்தான் உழைக்கிறது. மென்பொருளின் எக்ஸ்போர்ட் பக்கத்தில் ‘ஹார்டுவேர் என்கோடிங்’ என்பதைத் தேர்வு செய்ய வேண்டும்.

கடைசியாக, நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒன்று. மாமல்லபுரம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை கடலுக்கு அருகில் உள்ள வீடுகளில் உப்புக்காற்று இரும்பு ஜன்னலை என்ன செய்கிறது என்று பார்த்திருக்கிறோம். கார்டின் ஹீட்சிங்க் துடுப்புகளில் உப்பும் தூசியும் சேர்ந்து ஒட்டினால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கேபினெட்டைக் கடல் பக்க ஜன்னலுக்கு நேராக வைக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கரண்ட் ஒயரைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். ஸ்லாட்டில் செருகும் தங்கப் பூச்சுப் பட்டையை ரப்பர் வைத்துத் தேய்க்கும் பழக்கம் நம் லேபிலும் உண்டு. பூச்சு தேய்ந்துவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் ஒரு தடவை துடைத்தால் போதும். நன்றாகக் காய்ந்த பிறகே கரண்ட் கொடுங்கள்.